வார்டை விட்டுவிட்டு வகுப்புக்குப் போகலாமா? டியூட்டர் வேலை பற்றி ஒரு கேள்வி

மஸ்கெலியா_மிஸ்ஸி | ஞாயிறு, இரவு 9.40

வணக்கம். இங்கே வாசிப்பதோடு சரி, நான் எழுதுவது இதுதான் முதல் தடவை. கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மலைநாட்டு ஆஸ்பத்திரி ஒன்றில், பெண்கள் மெடிக்கல் வார்டில் ஒன்பது வருடமாக நேர்ஸாக வேலை செய்கிறேன். அம்மா கொழுந்து பறித்தவர், அப்பா ஃபெக்டரியில் இருந்தார். இப்போது தாதியர் பள்ளியில் கற்பிக்கும் போதனாசிரியர் (டியூட்டர்) பயிற்சிக்கு விண்ணப்பிக்கலாமா என்று யோசனை. எங்கள் சிஸ்டர் "போட்டுப் பாரேன்" என்கிறார். வீட்டில், "நைட் டியூட்டி இல்லை, பிள்ளையைப் பார்த்துக்கொள்ளலாம்" என்று ஒரே சந்தோசம். கூட வேலை செய்பவர்களோ, "டியூட்டர் ஆனால் இரண்டே வருடத்தில் கை மறந்துபோகும், அப்புறம் புத்தகம் மட்டும்தான்" என்கிறார்கள்.

இந்த யோசனை எங்கே தொடங்கியது என்றால், போன மாதம் பயிற்சிக்கு வந்த ஒரு பிள்ளையால். சிங்களப் பிள்ளை. தமிழ் பாடநெறி செய்து நன்றாகவே பேசுகிறாள். எழுத்துத் தமிழ் என்னைவிடச் சுத்தம். காலையில் அட்மிட் ஆன ஒரு தேயிலைத் தோட்டத்து அக்காவிடம் விவரம் கேட்டு எழுதச் சொல்லியிருந்தேன். இருமல், காய்ச்சல், இரண்டு நாளாக வாந்தி. எல்லாம் சரியாக எழுதியிருந்தாள். கடைசி வரியில் மட்டும், "குளிப்பதில்லை, உடல் சுத்தம் போதாது" என்று இருந்தது.

அந்த அக்கா கண்ணாடி மாதிரித் துவைத்த சேலையில் வந்திருந்தார். எனக்கு இடித்தது. போய்க் கேட்டேன். "நான் முழுகாம இருக்கேன்னு சொன்னேன் மிஸ்ஸி, அந்தப் பிள்ளை சுடுதண்ணி வேணுமான்னு கேக்குது" என்று சிரிக்கிறார்.

மூன்று மாதக் கர்ப்பிணி. அந்த நேரம் டிக்கெட்டில் (நோயாளியின் குறிப்புத் தாளில்) நெஞ்சு எக்ஸ்ரேக்கு எழுதி, ட்ரொலி வாசலுக்கே வந்துவிட்டது. நிறுத்தி டாக்டரிடம் சொன்னேன். அப்புறம் அந்தப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய் மருந்து அலுமாரிக்குப் பக்கத்தில் நின்று பத்து நிமிடம் பேசினேன். முழுகுவது என்றால் தலைக்குக் குளிப்பது, மாதவிடாய் முடிந்து முழுகுவார்கள், முழுகவில்லை என்றால் அந்த மாதம் தள்ளிப்போய்விட்டது என்று. அவள் முகம் சிவந்து, பிறகு கொப்பியை எடுத்து எழுதிக்கொண்டாள். இவ்வளவு வருடத்தில் எந்த நைட் டியூட்டியும் தராத ஒரு நிறைவு அந்தப் பத்து நிமிடத்தில் கிடைத்தது. உண்மையைச் சொல்கிறேன்.

அதனால்தான் கேட்கிறேன். டியூட்டர் உண்மையில் செய்யும் வேலை என்ன? இந்தப் பத்து நிமிடம் மாதிரியானது அதில் இருக்கிறதா, இல்லை கால அட்டவணையும் வரவுப் புத்தகமும்தானா?


கறுப்புத்தேத்தண்ணி | ஞாயிறு, இரவு 10.15

தங்கச்சி, கோபிக்க வேண்டாம், உள்ளதைச் சொல்கிறேன். நானும் பதினேழு வருடம் வார்டில் நிற்கிறேன். மாணவர்கள் வந்தால் எங்களுக்குக் கைக்கு ஆள் கிடைத்தது என்றுதான் நினைப்பு. பிரஷர் பார், டெம்பரேச்சர் எடு, கட்டிலை விரி. அவர்களுக்கு எதையாவது சொல்லிக்கொடுக்க எங்களுக்கு நேரம் எங்கே? காலை ஏழிலிருந்து ஒரு மணிவரை ஒரு தேத்தண்ணி குடிக்க முடிந்தால் அன்றைக்கு நல்ல நாள்.

டியூட்டர்கள் வருவார்கள். வெள்ளைச் சீருடை மடிப்புக் கலையாமல். ரெக்கோர்ட் புத்தகத்தில் கையெழுத்து வைத்துவிட்டுப் போவார்கள். மூன்று வருடப் படிப்பில் என் டியூட்டர் நோயாளியைத் தொட்டு நான் பார்த்ததில்லை. நீங்கள் சொல்லும் பத்து நிமிடத்தை வார்ட் நேர்ஸ்தான் கொடுக்க முடியும். அங்கே போனால் அதை இழந்துவிடுவீர்கள் என்பது என் அபிப்பிராயம்.


ஓய்வூதிய_டியூட்டர் | திங்கள், காலை 6.05

தம்பி கறுப்புத்தேத்தண்ணி, மடிப்புக் கலையாத சீருடை என்று சொன்னது என்னையும்தான். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இந்தப் பிளவு எப்படி வந்தது என்று தெரிந்தால் கோபம் கொஞ்சம் இடம் மாறும்.

ஆரம்பத்தில் பிளவே கிடையாது. 1860இல் லண்டன் சென்ட் தோமஸ் ஆஸ்பத்திரியில் நைட்டிங்கேல் அம்மையாரின் நிதியில் பள்ளி தொடங்கியபோது, ஒரு வருடப் பயிற்சி முழுவதும் வார்டிலேயே. வார்ட் சிஸ்டர்தான் ஆசிரியை. மாணவிகள் நாட்குறிப்பு எழுத வேண்டும், அதைப் பார்த்துத்தான் மதிப்பீடு. கேட்க நன்றாக இருக்கிறது, இல்லையா? நீங்கள் இரண்டு பேரும் விரும்புவது அதுதானே.

ஆனால் அந்த முறை உலகம் முழுக்கப் பரவியபோது ஆஸ்பத்திரி நிர்வாகங்கள் அதில் ஒன்றைக் கண்டுகொண்டன. மாணவிக்குச் சம்பளம் கொடுக்க வேண்டியதில்லை. அவ்வளவுதான், பள்ளி என்ற பெயரில் மலிவான ஆள்பலம். பன்னிரண்டு மணி நேரம் வேலை, ராத்திரி தூங்கி விழுந்துகொண்டு ஒரு வகுப்பு. 1923இல் அமெரிக்காவில் வெளிவந்த கோல்ட்மார்க் அறிக்கை இதைத்தான் போட்டு உடைத்தது. ஆஸ்பத்திரியின் வேலைத்தேவை வேறு, மாணவியின் கல்வி வேறு, இரண்டையும் பிரியுங்கள் என்றது. அதே வருடம் யேல் பல்கலைக்கழகத்தில் தாதியர் பள்ளி. அதற்கு முன்னமே, 1907இல் கொலம்பியாவின் ஆசிரியர் கல்லூரியில் மேரி அடிலெய்ட் நட்டிங் தாதியியலின் முதல் பேராசிரியை ஆகிவிட்டார். நேர்சுக்குக் கற்பிப்பது தனியாகப் படிக்க வேண்டிய ஒரு தொழில் என்ற எண்ணம் அங்கேதான் ஊன்றியது. நம் பக்கத்தில் பார்த்தால் வேலூரில் 1946இலேயே பட்டப்படிப்பு வந்துவிட்டது.

ஆக, டியூட்டரை வார்டிலிருந்து பிரித்தது சோம்பல் இல்லை. மாணவியைக் காப்பாற்றத்தான் பிரித்தார்கள். காப்பாற்றப் போய் தூரம் கூடிவிட்டது.

இலங்கைக்கு வருவோம். 1886இல் பிரான்சிஸ்கன் சபைக் கன்னியாஸ்திரிகள் கொழும்புப் பெரியாஸ்பத்திரிக்கு வந்தார்கள். "சிஸ்டர்" என்று நாம் இன்றும் கூப்பிடும்போது அந்த வாடை இருக்கத்தான் செய்கிறது. யாழ்ப்பாணத்தில் 1898இல் இணுவில் மக்லியொட் பெண்கள் ஆஸ்பத்திரி, அங்கேயும் மிஷன்காரர்கள் உள்ளூர்ப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். அப்புறம் அரசாங்கப் பள்ளிகள், மூன்று வருடப் படிப்பு. டியூட்டர் ஆக விரும்புவோருக்கு 1960களில் இருந்தே கொழும்பில் போஸ்ட் பேசிக் (மேற்பயிற்சி) பள்ளி. 1988இன் 19ஆம் இலக்கச் சட்டத்தோடு, நேர்சுகளைப் பதிவு செய்யும் தாதியர் பேரவை. 1994இல் திறந்த பல்கலைக்கழகம், கனடாவின் அதபாஸ்கா பல்கலைக்கழகத்தின் துணையோடு, வேலையில் இருக்கும் நேர்சுகளுக்குப் பட்டப்படிப்பைத் தொடங்கியது. நைட் டியூட்டி முடித்து பஸ்ஸில் தூங்கிக்கொண்டே பொல்கொல்லை நிலையத்துக்கு வகுப்புக்குப் போனவர்களை எனக்குத் தெரியும். 2000களின் நடுப்பகுதியில் பேராதனை, யாழ்ப்பாணம், ஜயவர்தனபுர, ருகுணு என்று நான்கு வருடப் பட்டம்.

நான் படித்தபோது எங்கள் பயிற்சி அறையில் ஒரு ரப்பர் பொம்மை இருந்தது. பெயர் "மிஸிஸ் சேஸ்". ஏன் அந்தப் பெயர் என்று யாருக்கும் தெரியாது, டியூட்டர் அப்படிக் கூப்பிடுவார், நாங்களும் கூப்பிட்டோம். பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது. 1911இல் அமெரிக்காவின் ஹார்ட்ஃபர்ட் ஆஸ்பத்திரிப் பயிற்சிப் பள்ளிக்கு மார்த்தா சேஸ் என்ற பொம்மை செய்யும் அம்மா ஆளுயரப் பொம்மை ஒன்று செய்து கொடுத்தாராம். நோயாளி மேல் பழகுவதை விட்டு முதலில் பொம்மை மேல் பழகட்டும் என்று. அந்தப் பெயர் கடல் தாண்டி எங்கள் ரப்பர் பொம்மைவரை வந்திருக்கிறது. எங்கள் மிஸிஸ் சேசுக்கு ஒரு கை கழன்றுவிடும். அதனால் இடது கைக்கு மட்டும் பிரஷர் பார்க்கப் பழகினோம்.

மிச்சம் பிறகு எழுதுகிறேன். பேத்தியைப் பள்ளிக்கு அனுப்ப வேண்டும்.


பேராதனை_இரண்டாம்வருடம் | திங்கள், மாலை 4.50

மிஸ், மிக்க நன்றி. எங்கள் விரிவுரையில் இதெல்லாம் இரண்டு ஸ்லைடில் முடிந்துவிட்டது.

நான் பண்டாரவளைப் பக்கம். முழுவதும் ஆங்கிலத்தில்தான் படிக்கிறோம். முதல் அரையாண்டு பாதி புரியாமலே போனது. ஸ்கில் லேபில் இப்போதெல்லாம் தோடம்பழத்தில் ஊசி குத்துவது ஒரு நாள்தான், மறுநாளே மூச்சு விடும், நாடி துடிக்கும் பொம்மை. ஒரு சம்பவத்தைக் கொடுப்பார்கள், நாங்கள் செய்ய வேண்டும், முடிந்த பிறகு உட்கார்ந்து "அந்த இடத்தில் ஏன் அப்படிச் செய்தீர்கள்" என்று கேட்பார்கள். அந்தக் கேள்விதான் பயம். பரீட்சையும் ஒஸ்கி (OSCE) என்ற செய்முறைப் பரீட்சைதான், மணி அடிக்க அடிக்க ஒவ்வொரு நிலையமாக ஓட வேண்டும்.

ஆனால் எந்தப் பொம்மையும் "முழுகாம இருக்கேன்" என்று சொல்லாது. என் அம்மம்மா பேசும் பேச்சு எனக்குத் தெரியும், ஆனால் அதை எந்த ஆங்கிலச் சொல்லில் டிக்கெட்டில் எழுதுவது என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. இரண்டு மொழியும் தெரிந்திருந்தும் நடுவில் விழுந்து நிற்கிறேன்.


கறுப்புத்தேத்தண்ணி | திங்கள், மாலை 5.20

பட்டக்காரர்கள் வந்தாச்சு. தம்பி, நாலு வருடம் முடித்து வார்டுக்கு வாருங்கள், முதலில் கட்டில் விரிக்கக் காட்டித் தருகிறேன்.


பேராதனை_இரண்டாம்வருடம் | திங்கள், மாலை 5.31

தங்கச்சி என்று எழுதுங்கள் அண்ணா. கட்டில் மூலை மடிப்பு எனக்கு வரும். அடிவயிற்று ஒபரேசன் முடிந்தவரை முதல் நாளே ஏன் எழுப்பி நடக்க வைக்கிறோம் என்று நோயாளியின் மகன் சண்டைக்கு வந்தால் என்ன பதில் சொல்வது என்றும் வரும்.


கறுப்புத்தேத்தண்ணி | திங்கள், மாலை 5.38

சரி சரி, தோற்றேன். போன வாரம்தான் ஒரு மகனிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.


லிந்துலை_ராஜா | திங்கள், இரவு 8.30

நான் நேர்ஸ் இல்லை, வங்கியில் வேலை. அப்பா தோட்டத்து டிஸ்பென்சர் (மருந்து கொடுப்பவர்), அந்த உரிமையில் எழுதுகிறேன்.

இலங்கைத் தாதியர் வரலாறு என்று சொல்லும்போது எல்லோரும் கொழும்புக்குப் போய்விடுகிறீர்கள். தோட்டத்துக்கு வேறு கதை. கோப்பிக் காலத்திலேயே, 1872இல், மருத்துவத் தேவைகள் கட்டளைச்சட்டம் என்று ஒன்று வந்தது. கூலிகள் செத்து விழுந்துகொண்டிருந்ததால் தோட்டக்காரர்களிடம் பணம் வாங்கி மருத்துவம் பார்க்கும் ஏற்பாடு. 1912இல் அதைத் திருத்தி விரித்தார்கள். அப்படி வளர்ந்ததுதான் தோட்ட டிஸ்பென்சரி, பிள்ளைப்பேற்று அறை, மருத்துவிச்சி. அரசாங்க சுகாதாரம் ஒரு பக்கம், தோட்டத்து சுகாதாரம் ஒரு பக்கம். நூறு வருடத்துக்கு மேலாக இரண்டு தண்டவாளம். 1990களில் இருந்துதான் தோட்ட ஆஸ்பத்திரிகளை அரசாங்கம் ஒவ்வொன்றாக எடுக்கத் தொடங்கியது. இப்போது டிக்கோயாவில் இந்திய உதவியில் கட்டிய ஆஸ்பத்திரி இருக்கிறது, 2017இல் மோடி வந்து திறந்தார், 150 கட்டில். கட்டடம் வந்துவிட்டது. உள்ளே நம் பேச்சுத் தெரிந்த நேர்ஸ் எத்தனை பேர் என்பதுதான் கேள்வி.

அப்பாவின் டிஸ்பென்சரியில் அவரும் மருத்துவிச்சி ஆச்சியும்தான். அந்த ஆச்சிக்கு யார் படிப்பித்தார்கள்? அவருக்கு முன்னால் இருந்த மருத்துவிச்சி. பார்த்துப் பார்த்து. அதில் நல்லதும் இருந்தது, கெட்டதும் இருந்தது. ஒரு நாள் குளவி கொட்டி ஏழெட்டுப் பேரைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஆச்சி எல்லோருக்கும் சுண்ணாம்பு பூசினார். அவருக்குச் சொல்லிக் கொடுத்தது அதுதான். ஒருவருக்கு முகம் வீங்கி மூச்சு இழுக்கத் தொடங்கியது. அப்பா லொறியில் ஏற்றி அனுப்பினார். பிழைக்கவில்லை. எனக்கு அப்போது பத்து வயது. தேயிலைச் சாக்கு விரித்திருந்த அந்த லொறி இன்னும் கண்ணில் நிற்கிறது.

சரி, நம் பிள்ளைகள் ஏன் அதிகம் நேர்ஸ் ஆகவில்லை? தாதியர் பள்ளிக்கு உயர்தரப் பரீட்சையில் விஞ்ஞானப் பிரிவு வேண்டும். தோட்டப் பள்ளிகள் அரசாங்கத்தின் கைக்கு வந்ததே 1970களில். எங்கள் காலத்தில் பிரஜாவுரிமைப் பத்திரத்துக்கே அலைய வேண்டியிருந்தது. 1948இல் பறித்தது 2003வரை இழுத்தது. அரசாங்க வேலைக்கு மனுப்போட முதல் கேள்வியே அதுதானே. ஆசிரியர்களுக்குப் பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி வந்தது, ஒரு தலைமுறை ஆசிரியர்கள் தோட்டத்திலிருந்தே எழுந்தார்கள். பௌதிகமும் இரசாயனமும் படிப்பிக்க ஆளில்லாத பாடசாலையில் இருந்து நேர்ஸ் எப்படி வரும்?

தங்கச்சி, நீங்கள் டியூட்டர் ஆகுங்கள். வாக்குப் போடச் சொன்னால் என் வாக்கு அதற்குத்தான்.


ஓய்வூதிய_டியூட்டர் | செவ்வாய், காலை 5.50

ராஜா, உங்கள் லொறியை நினைத்து நேற்றுத் தூக்கம் வரவில்லை.

குளவிக் கொட்டு எங்கள் பாடத்தில் "ஒவ்வாமை அதிர்ச்சி" என்ற தலைப்பில் அரைப்பக்கம். பதுளைப் பக்கத்திலிருந்தும் ஹட்டன் பக்கத்திலிருந்தும் வந்த பிள்ளைகளுக்கு நான் அதை மட்டும் இரண்டு மணி நேரம் எடுப்பேன். மூச்சு இழுக்கிறதா, முகம் வீங்கியிருக்கிறதா, பிரஷர் விழுகிறதா. அப்படியென்றால் முதலில் அட்ரினலின். வயது வந்தவருக்கு ஆயிரத்துக்கு ஒன்று கரைசலில் அரை மில்லிலீற்றர், தொடையின் வெளிப்பக்கத் தசையில், நடுப்பகுதியில். கையில் இல்லை, தோலுக்கடியில் இல்லை. உட்கார வைக்காதே, படுக்க வை, காலை உயர்த்து. மூச்சுத் திணறினால் மட்டும் சாய்த்து இருத்து. பிரிட்டோன், ஹைட்ரோகோர்ட்டிசோன் என்ற மற்ற ஒவ்வாமை மருந்துகள் பிறகு. கண்ணை மூடிக்கொண்டு சொல்லும்வரை விடமாட்டேன்.

இனி தங்கச்சியின் கேள்விக்கு வருகிறேன். டியூட்டர் செய்யும் வேலை என்ன?

நான் டியூட்டர் ஆன புதிதில் நினைத்தது, தெரிந்ததைச் சொல்வதுதான் வேலை என்று. கரும்பலகை நிறைய எழுதுவேன், பிள்ளைகள் கொப்பி நிறைய எழுதுவார்கள். வார்டுக்குப் போவதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தேன். ஆறு வருடம் அப்படிப் போனது. யாரும் தடுக்கவில்லை, யாரும் கேட்கவுமில்லை. பரீட்சைத் தாள், விடுதிப் பிரச்சினை, லீவுக் கடிதம். பள்ளியில் ஆள் குறைவு. சாட்டுச் சொல்லக் காரணத்துக்கா பஞ்சம்?

ஒரு நாள் மேற்பார்வைக்குப் போனபோது ஒரு பிள்ளை கனியூலா (நாளத்தில் மருந்து ஏற்றும் சிறு குழாய்) போட முடியாமல் தடுமாறினாள். "தள்ளு, நான் காட்டுகிறேன்" என்று கையுறை போட்டேன். வார்டில் அப்போது புது வகைக் கனியூலா வந்திருந்தது. ஊசியை எப்படி இழுப்பது என்று எனக்குத் தெரியவில்லை. பிள்ளை மெதுவாக, யாருக்கும் கேட்காமல், "மிஸ், அந்த பட்டனை அமத்தணும்" என்றாள். அவள் குரலைத் தாழ்த்திய விதம் இருக்கிறதே, அது எனக்குக் கொடுத்த மரியாதை. ஆனால் அன்று முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை.

அடுத்த வாரத்திலிருந்து செவ்வாயும் வியாழனும் காலை ஏழுக்கு வார்டில் நின்றேன். கையெழுத்து வைக்க இல்லை, ஒரு நோயாளியை மாணவிகளோடு சேர்ந்து முழுக்கப் பார்க்க. ஒரு சம்பவம் சொல்கிறேன். இதயம் பலவீனமான ஓர் அம்மா, மூன்றாவது தடவையாகக் கால் வீங்கி மூச்சு வாங்கி வந்து படுத்திருந்தார். மாணவி எழுதிய குறிப்பு, "மருந்தை ஒழுங்காக எடுப்பதில்லை." டிக்கெட்டில் முன்னைய இரண்டு தடவையும் அதே வசனம். நான் அவளிடம், "ஏன் எடுப்பதில்லை என்று கேட்டாயா?" என்றேன். கேட்கவில்லை. போய்க் கேட்கச் சொன்னேன். அந்த அம்மா சொன்னது: "தண்ணி மாத்திரையை காலையில போட்டா மலையில நிமிசத்துக்கு ஒரு தடவை ஒதுங்கணும். எங்க போயி ஒதுங்குறது மிஸ்ஸி? கங்காணி ஆம்பளை, சுத்தி ஆம்பளைங்க."

மலையில் கக்கூஸ் கிடையாது. மாத்திரையின் பெயர், அளவு, பக்கவிளைவு எல்லாம் அந்த மாணவிக்கு மனப்பாடம். இது அவளுக்குத் தெரியாது. டாக்டரிடம் பேசி, வேலை முடிந்து மூன்று நான்கு மணிக்குப் போடுகிற மாதிரி நேரத்தை மாற்றினோம். பொம்பளைப் பிள்ளைகள் எல்லோரும் அன்று அமைதியாக இருந்தார்கள். அவர்களில் பாதிப் பேரின் அம்மாமாரும் மலைக்குப் போகிறவர்கள்தான். தங்கள் அம்மா ஏன் பகலில் தண்ணீரே குடிப்பதில்லை என்று அன்றுதான் யோசித்திருப்பார்கள்.

"மருந்தை எடுப்பதில்லை" என்ற வசனத்தை "ஏன்" என்ற கேள்வியாக்குகிறவர்தான் டியூட்டர், அதை நோயாளி பக்கத்தில் நின்றுதான் செய்ய முடியும். உலக சுகாதார நிறுவனம் 2016இல் தாதியர் போதனாசிரியருக்குத் தேவையான திறமைகளை வெளியிட்டபோது தாதிய நடைமுறையையும் அதில் தனியாக வைத்தது. அதை எங்கள் பள்ளி அலுமாரியில் வைத்துப் பூட்டியிருந்தோம் என்பது வேறு கதை.

கை மறந்துபோகும் என்று தம்பி சொன்னது சரி. வார்டுக்குப் போகாவிட்டால் மறக்கும். போனால் மறக்காது.


கறுப்புத்தேத்தண்ணி | செவ்வாய், காலை 7.02

மிஸ், டியூட்டி மாறும் நேரத்தில் இதை வாசித்துவிட்டு வாசலிலேயே நின்றுவிட்டேன். எங்கள் வார்டில் மூன்று பேர் டிக்கெட்டில் அதே வசனம் இருக்கிறது. போய்க் கேட்கிறேன்.

நீங்கள் சொல்லும் மாதிரி ஒரு டியூட்டர் வந்தால் தேத்தண்ணியை விட்டுவிட்டு நானும் பக்கத்தில் நிற்பேன். ஆனால் ஒரு நிபந்தனை. வார்ட் நேர்சையும் கற்பிக்கிறவனாக மதிக்க வேண்டும். மாணவனை எங்களிடம் விட்டுவிட்டுப் போகிறீர்கள், எப்படிக் கற்பிப்பது என்று எங்களுக்கு யார் சொன்னார்கள்? எனக்குத் தெரிந்ததெல்லாம் என் சீனியர் என்னைத் திட்டிய மாதிரித் திட்டுவதுதான்.


பசறை_பிள்ளை | செவ்வாய், பகல் 12.40

நான் இந்த வருடம் உயர்தரம் எழுதிவிட்டு இருக்கிறேன், உயிரியல். தாதியர் பயிற்சிக்கு ஆள் எடுக்கும் வர்த்தமானி (அரசாங்க அறிவித்தல்) வரக் காத்திருக்கிறேன். அதற்குள் டவுனில் ஒரு தனியார் இடத்தில் "ஆறு மாத நேர்சிங்" என்று சேரச் சொல்கிறார்கள். அப்பா நகையை அடகு வைக்கவும் தயார். சேரலாமா?


ஓய்வூதிய_டியூட்டர் | செவ்வாய், பகல் 1.15

மகளே, நகையைத் தொட வேண்டாம் என்று அப்பாவிடம் சொல்லு. ஆறு மாதச் சான்றிதழை வைத்துத் தாதியர் பேரவையில் பதிய முடியாது, அரசாங்க ஆஸ்பத்திரியில் நேர்ஸ் ஆக முடியாது. பராமரிப்பு உதவியாளர் வேலைக்கு உதவலாம், அது கௌரவமான வேலைதான், ஆனால் நேர்ஸ் என்று சொல்லி விற்றால் அது ஏமாற்று. எந்த இடமாக இருந்தாலும் முதலில் "பேரவையில் பதிய முடியுமா, எழுத்தில் தாருங்கள்" என்று கேள். வர்த்தமானி வரும்வரை ஆங்கிலத்தையும் சிங்களத்தையும் பிடித்துக்கொள். சந்தேகம் இருந்தால் இங்கேயே கேள்.


மஸ்கெலியா_மிஸ்ஸி | செவ்வாய், இரவு 9.10

எல்லோருக்கும் நன்றி. விண்ணப்பத்தை இன்று நிரப்பிவிட்டேன். "ஏன் போதனாசிரியர் ஆக விரும்புகிறீர்கள்" என்று ஒரு கட்டம் இருந்தது, மூன்று வரிக்குத்தான் இடம். முழுகாத கதையை எழுதிப் பார்த்தேன், இடம் போதவில்லை. அடித்துவிட்டு வேறு ஏதோ எழுதினேன்.

கிடைக்குமா தெரியாது. கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் ஒன்று செய்யலாம் என்று நினைக்கிறேன். நேற்று அந்தச் சிங்களப் பிள்ளை கொப்பியைக் காட்டினாள். "முழுகாம" என்பதற்குக் கீழே இன்னும் நான்கு சொல் சேர்த்திருக்கிறாள், வார்டில் யார் யாரிடமோ கேட்டு. ஒதுங்குறது, வயித்தால போகுது, மூச்சு வாங்குது, கை கால் உளைச்சல். எதிரே சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் பொருள். நம் ஆட்கள் ஆஸ்பத்திரியில் சொல்லும் சொற்களை இந்த இழையிலேயே சேர்ப்போமா? சொல், அது எந்த இடத்தில் சொல்வார்கள், நேர்ஸ் அதைக் கேட்டதும் அடுத்து என்ன கேட்க வேண்டும். அவ்வளவு போதும். பேராதனைத் தங்கச்சி ஆங்கிலத்தைப் பார்த்துக்கொள்ளட்டும்.


பேராதனை_இரண்டாம்வருடம் | செவ்வாய், இரவு 9.25

நான் ரெடி. முதல் சொல் என் அம்மம்மாவுடையது: "நெஞ்சைக் கரிக்குது." இது நெஞ்செரிச்சலா, மாரடைப்பின் வலியா என்று பிரிக்க அடுத்த கேள்வி, "சாப்பிட்ட பிறகா, ஏற்றம் ஏறும்போதா?" தோட்டத்தில் எல்லாமே ஏற்றம்தான் என்பது வேறு விசயம்.


லிந்துலை_ராஜா | செவ்வாய், இரவு 9.41

"கிறுகிறுப்பு." அப்பா உடனே, "காலையில என்ன சாப்பிட்ட?" என்று கேட்பார். முக்கால்வாசிப் பேர் பதில், "வெறும் தேத்தண்ணி."


கறுப்புத்தேத்தண்ணி | செவ்வாய், இரவு 11.58

நைட்டில் இருக்கிறேன். அந்த மூன்று பேரிடமும் கேட்டேன். ஒருவருக்கு மாத்திரை முடிந்து கிளினிக்குக்கு வர அரைப்பேர் (அரை நாள் சம்பளம்) போய்விடுமாம். ஒருவர் எழுத்து வாசிக்கத் தெரியாமல் இரண்டு மாத்திரையையும் மாற்றிப் போட்டிருக்கிறார். மூன்றாவது அம்மா ஒன்றும் சொல்லாமல், "மேலு காந்துது தம்பி" என்று மட்டும் சொன்னார். காய்ச்சல் இல்லை, பிரஷர் சரி, சீனி சரி. இதை எப்படி எழுதுவது? அடுத்து என்ன கேட்பது? யாராவது விழித்திருந்தால் சொல்லுங்கள்.